கழக்கூட்டத்துப் பவானி

கழக்கூட்டத்தில் பவானி எங்கே என்று கேட்டால் பல மாடிக் கட்டடம் ஒன்றைக் காட்டுவார்கள். பம்பா, பெரியாறு, நிளா, தேஜஸ்வினி என்று திருவனந்தபுரம் டெக்னோபார்க்கின் கட்டடங்கள் பலவற்றுக்கும் ஆறுகளின் பெயர்தான். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அங்கேதான் வேலை. காலை ரயிலில் போய் இரவு வீடு திரும்புகிறவர்களும் உண்டு.

நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. நாயனார் கேரள முதலமைச்சராக இருந்தபோது, 1990-இல் தொடங்கியது. கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரானை வளர்த்தெடுத்த கே.பி.பி. நம்பியாரின் யோசனை. 1995-இல் பிரதமர் நரசிம்ம ராவ் நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அந்த இடத்துக்கு ஒரு பொருத்தம் இருந்தது. பக்கத்திலேயே கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம். கடற்கரைப் பக்கம் போனால் தும்பா. மரிய மகதலேனா தேவாலயத்தை விஞ்ஞானிகளுக்கு ஒப்படைத்துவிட்டு மீனவ மக்கள் இடம்பெயர்ந்த மண் அது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழும்பியது அங்கேதான். இப்படி ஆய்வகங்கள் நிறைந்த ஊரில் கம்பெனிகளையும் கொண்டுவந்து வைத்தால் புதியவை முளைக்கும் என்பது கணக்கு. 1951-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் நிலத்தைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டதும் இதே நம்பிக்கையில்தான்.

ஆனால் கழக்கூட்டத்தில் பெருகியது பெரும்பாலும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான மென்பொருள் வேலை. அந்த வேலை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது, வளைகுடாவுக்கு விமானம் ஏற இருந்த பலரை ஊரிலேயே நிறுத்தியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் ஆதங்கம் வேறு. பக்கத்து ஆய்வகத்தின் கதவைத் தட்டாமலே செய்துவிடக்கூடிய வேலை அது.

தட்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதே ஊரில் சாட்சி இருக்கிறது. இதயக் கோளாறு என்றதும் குமரி மாவட்டத்துக்காரர்கள் ஓடுகிற ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில், டாக்டர் வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வுக்கான முயற்சி நடந்தது. அறுவை சிகிச்சை நிபுணரும் பொறியாளரும் ஒரே நிறுவனத்தில் வருடக்கணக்காக முட்டி மோதினார்கள். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டெக்னோபார்க் தொடங்கிய அதே 1990! சென்னையின் டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரிக்க முன்வந்தது. வெளிநாட்டு வால்வுக்குப் பணம் புரட்ட முடியாதவர்கள் உட்பட ஒரு லட்சம் பேருக்கு மேல் அதைப் பெற்றிருக்கிறார்கள். கண்ணாடிப் பாட்டிலில் ரத்தம் சேமித்த காலத்தில் ரத்தப் பைக்கான தொழில்நுட்பத்தை உருவாக்கியதும் இதே ஸ்ரீசித்திரை நிறுவனம்தான். ஐ.ஏ.எஸ். பதவியை உதறிவிட்டு வந்த சி. பாலகோபால் அதை நம்பி பென்பால் என்ற ஆலையைத் திருவனந்தபுரத்தில் தொடங்கினார். 1999-இல் ஜப்பானின் டெருமோ அதோடு கைகோத்தது.

இதற்கெல்லாம் பளபளக்கும் பூங்கா தேவைப்படவில்லை. ஆய்வு செய்கிறவரும் ஆலை நடத்துகிறவரும் அடிக்கடி ஒருவரையொருவர் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சென்னை தரமணியில் ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்கா செய்த காரியம், இந்தச் சந்திப்பையே விதியாக்கியது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று வளர்த்த அந்தப் பூங்காவில் வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடு சேர்ந்து ஆய்வு செய்வது, மாணவர்களுக்கு வேலைப் பயிற்சி கொடுப்பது என்று கம்பெனி மதிப்பெண் சேர்க்க வேண்டும். அந்தச் சூழலில் வளர்ந்தவைதான் ஏத்தர் மின்சார ஸ்கூட்டரும், 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட்டைச் செலுத்திய அக்னிகுலும்.

திருவனந்தபுரமும் அந்தப் பக்கம் திரும்புகிறது. 2023 ஏப்ரலில் டிஜிட்டல் அறிவியல் பூங்காவுக்குப் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். டிஜிட்டல் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் அமைகிறது. எத்தனை லட்சம் சதுர அடி என்ற பேச்சோடு, தரமணியின் விதியையும் அங்கே எழுதிவைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

டெக்னோபார்க் வளாகத்திலேயே அதற்கு முன்மாதிரி இருக்கிறது. குற்றிப்புறம் பொறியியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நான்கு நண்பர்களின் ஜென்ரோபாட்டிக்ஸ், கேரள ஸ்டார்ட்அப் மிஷன் கைகொடுக்க, பாதாளச் சாக்கடைக்குள் மனிதருக்குப் பதிலாக இறங்கும் எந்திரத்தை உருவாக்கியது. பெயர் பாண்டிகூட், நம் பெருச்சாளிதான். 2018-இல் திருவனந்தபுரத்தில் இறங்கியது. பிறகு கும்பகோணத்துக்கும் கோவைக்கும் வந்தது. விஷவாயுவில் எத்தனை பேரைப் பறிகொடுத்த மாநிலம் நம்முடையது! நேற்றுவரை குழிக்குள் இறங்கிய தொழிலாளிகளுக்கே அதை இயக்கவும் பயிற்சி கொடுக்கிறார்கள். சாலையில் மேன்ஹோல் மூடியைத் திறந்து வைத்து, பக்கத்தில் நின்றபடி, கேமரா காட்டும் திரையைப் பார்த்து அவர்கள் எந்திரக் கையை அசைக்கிறார்கள். குழிக்குள் ஆள் இல்லை.