கல்முனை மடுவத்துக்குள் ஒரு எட்டு!

இறைச்சிக்கடைக் கொக்கியில் தொங்கும் தொடையைத்தான் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கு முந்திய கதை இருக்கிறதே, அபாரம்! வாருங்கள், பின்கதவால் நுழைவோம்.

முதல் ஆச்சரியம் இது: நல்ல மாட்டின் தசைக்குள் கிருமி இல்லை என்றே சொல்லலாம். சல்மொனெல்லாவும் ஈ.கோலியும் குடியிருப்பது குடலில். அங்கிருந்து சாணியோடு தோலுக்கு வரும். மாட்டுக்கு அவற்றால் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இல்லை. ஆட்டம் தொடங்குவது லொறியில்! நெரிசல், வெயில், தாகம். பதறிய மாடு கூடுதலாகக் கிருமியைக் கழிக்கும், அது பக்கத்து மாட்டின் விலாவில் அப்பும். களைத்த மாட்டின் தசையில் சர்க்கரைச் சத்தும் தீர்ந்துபோவதால், அறுத்த பிறகு புளிப்பு ஏறாது. பி.எச். அளவு 5.5 பக்கம் இறங்க வேண்டிய இறைச்சி 6க்கு மேலேயே நின்று, கருத்து, சீக்கிரம் பழுதாகிவிடும். அறுக்கும் பிராணிக்கு ஆறுதல் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தை நினைத்து எனக்குப் புல்லரித்துவிட்டது!

இனிக் கத்தியைக் கவனியுங்கள். கைதேர்ந்தவர் தோலில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, கத்தியை உள்ளே விட்டு, கூரை வெளிப்பக்கம் திருப்பி அறுத்துப் போவார். மயிரும் சாணியும் தசைக்குள் போகாது. தோலைப் பிடித்த கை இறைச்சியைத் தொடாது. குடலை இறக்குமுன் இரு முனையையும் இறுக்கிக் கட்ட வேண்டும். அதில் ஒரு கீறல் விழுந்தால் போச்சு!

தானாகச் செத்த மாட்டில் இந்த வித்தை ஒன்றும் பலிக்காது. இரத்தம் வடியாது, குடல் கிருமி தசைக்குள் இறங்கிவிடும். 2022 டிசம்பரில், மாண்டஸ் சூறாவளியோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. உடனே மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோவது தற்காலிகமாகத் தடுக்கப்பட்டது. சரியான முடிவு! பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) உயிரோடு நிற்கும் மாட்டையே பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதும் இதனால்தான்.

வெளியே வந்தால் நம்மூர் வெக்கை. சூடு வாய்த்தால் ஈ.கோலி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று 7 மணித்தியாலத்தில் 20 இலட்சம் தாண்டும்! ஹஜ்ஜுப் பெருநாளன்று உழ்ஹிய்யா இறைச்சி இளஞ்சூட்டோடு சொப்பிங் பேக்கில் வந்து சேருகிறதல்லவா? முடிச்சோடு அப்படியே பிரிட்ஜில் திணித்தால் நடுவில் சூடு ஆறவே நேரம் பிடிக்கும். அவிழ்த்து, சின்னச் சின்னப் பங்காக்கி, தட்டில் பரப்பி வையுங்கள். பாபத்துக்கு, அதாவது இரைப்பைக்கு, தனிப் பாத்திரம்.