கோடிட்ட இடமும் நம்ம தமிழும்



மெக்கானிக்ஸ் கணக்கை மளமளவென்று போடுகிற நம்மில் பலர், கம்பெனி எழுத்துத் தேர்வில் ஆங்கில இலக்கணம் வந்ததும் 'இங்கி பிங்கி பாங்கி' போட ஆரம்பித்து விடுகிறோம். கேட்டால், "நான் தமிழ் மீடியம்ப்பா!" என்று பதில். தமிழ் மீடியம் என்பது குற்றமல்ல. வினைச்சொல்லில் நாம் அதிகம் வழுக்குவது, தமிழும் ஆங்கிலமும் வேறு வேறு பக்கம் திரும்புகிற சில இடங்களில்தான். அவற்றைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும்.

1. "இரண்டு வருஷமா இங்கே படிக்கிறேன்" என்கிறோம். தமிழில் இது நிகழ்காலம். ஆனால் 'ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்' என்று எழுதினால் மார்க் போச்சு! அன்று தொடங்கி இன்றும் தொடர்வதால் 'ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங்' என்பதே சரி. தொடங்கிய நேரத்தைச் சொன்னால் 'சின்ஸ் ஜூன்'. கால அளவைச் சொன்னால் 'ஃபார் டூ இயர்ஸ்'.

2. "போன வருஷமே அவனைப் பார்த்திருக்கிறேன்" என்பது தமிழில் சரி. ஆங்கிலத்தில் எஸ்டர்டே, லாஸ்ட் இயர், அகோ என்று முடிந்துபோன காலம் வந்துவிட்டால் ஹேவ் கூடாது. 'ஐ சா ஹிம் லாஸ்ட் இயர்' போதும்.

3. "மழை பெய்தால் மேட்ச் நின்றுவிடும்." இந்தப் 'பெய்தால்' என்பதற்குள் 'பெய்த' என்ற இறந்தகாலம் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்திலோ அங்கே நிகழ்காலம்: 'இஃப் இட் ரெயின்ஸ், தி மேட்ச் வில் ஸ்டாப்'. இஃப் பக்கம் வில் போடாதீர்கள்.

4. இங்கே தமிழே கைகொடுக்கும். 'அவன் போகவில்லை' என்பதில் 'போக' எந்தக் காலத்தையும் காட்டவில்லை அல்லவா? அதுபோலத்தான் 'ஹி டிட் நாட் கோ'. காலத்தை டிட் சுமக்கிறது. பிறகு வென்ட் எதற்கு?

அடுத்து, கோடிட்ட இடத்துக்கு முன்னால் நிற்பது யார் என்று பாருங்கள். டூ, டஸ், டிட், வில், கேன், மஸ்ட் நின்றால் வினையின் முதல் வடிவம். ஹேவ், ஹேஸ், ஹேட் நின்றால் மூன்றாம் வடிவம்: 'ஹேஸ் கான்'. வாஸ், வேர் நின்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எழுவாய் தானே வேலை செய்துகொண்டிருந்தால் 'இங்' சேரும். அதன்மேல் வேலை நடந்திருந்தால் மூன்றாம் வடிவம் வரும். நம்ம லேப் ரெக்கார்டில் 'தி ரீடிங்ஸ் வேர் டேக்கன்' என்று எழுதுகிறோமே, ரீடிங் தானாக எதையும் எடுக்கவில்லை, நாம்தான் எடுத்தோம்!

ஆகவே வாக்கியத்தை முழுசாகப் படியுங்கள். காலம் காட்டும் சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். முன்னால் நிற்கும் துணைவினையைப் பாருங்கள். அதற்கப்புறம்தான் கொடுத்திருக்கிற விடைகளைப் பார்க்க வேண்டும். ஜாபை அளக்காமல் லேத்தில் டூலை வைப்போமா என்ன?

தினம் ஐந்து வாக்கியம் போதும் நண்பர்களே. இன்டர்வியூ அறை வரைக்கும் போக வேண்டிய ஒருவன், இந்த இரண்டு மூன்று மார்க்கில் வாசலோடு திரும்பி வரக்கூடாது!