சூரியன் வராத மூன்று மாதம்



மார்கழிப் பனிக்கே நாம காதுல மப்ளரைச் சுத்திக்கிட்டு "எப்படா வெயில் வரும்"னு வாசலைப் பார்க்கிறோம். மூன்று மாதம் சூரியனே வராவிட்டால் என்ன செய்வோம்? இது கற்பனைக் கேள்வி இல்லை. பூமி சாய்ந்த அச்சில் சுற்றுவதால், துருவங்களை ஒட்டிய இடங்களில் குளிர்காலத்தில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சூரியன் உதிப்பதே இல்லை. அங்கே மாட்டிக்கொண்டவர்கள் உடம்பையும் மனசையும் எப்படிக் காப்பாத்திக்கிட்டாங்க என்று நான் தேடிப் படித்தேன். அதில் ஒரு கையெழுத்துப் பத்திரிகைக்கும் பங்கு இருக்கு!

இருட்டு ஏன் நம்மைச் சோர்வாக்குகிறது?

நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது நேரத்தைச் சரிசெய்து கொள்கிறது. இருட்டினால் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும், தூக்கம் வரும். காலை வெளிச்சம் பட்டால் அது குறையும். வெளிச்சமே இல்லாவிட்டால் கடிகாரம் குழம்பிவிடும். ராத்திரி தூக்கம் வராது, பகலில் கண்ணைச் சொருகும், எதிலும் பிடிப்பு இருக்காது. 1984இல் டாக்டர்கள் இதற்கு ஒரு நோய்ப்பெயரே வைத்தார்கள். காலையில் பிரகாசமான விளக்கின் முன் உட்கார வைப்பது இதற்கு ஒரு சிகிச்சை. ஆகவே, இப்படிச் சோர்ந்து கிடப்பவரைச் "சோம்பேறி"ன்னு திட்டுவது தப்பு.

முதல் கப்பல்: பெல்ஜிகா

1898இல் பெல்ஜியம் நாட்டுக் கப்பலான பெல்ஜிகா அண்டார்டிகா கடலில் பனியில் சிக்கியது. இரண்டு மாதத்துக்கு மேல் சூரியன் இல்லை. குளிர்காலத்தை அங்கே கழிக்கச் சரியான ஏற்பாடும் இல்லை. டப்பா உணவு தின்று தின்று எல்லோருக்கும் அலுத்துப்போச்சு. ஆட்கள் பேசுவதையே குறைத்துக் கொண்டார்கள். சிலருக்குப் புத்தி பேதலித்தது. ஏற்கெனவே இதய நோய் இருந்த ஒருவர் இறந்தும் போனார்.

கப்பலின் டாக்டர் ஃபிரடெரிக் குக் சும்மா இருக்கவில்லை. நோயாளிகளை எரியும் அடுப்பின் முன்னால் உட்கார வைத்து வெளிச்சமும் சூடும் படச் செய்தார். பெங்குவின், சீல் கறியைப் புதிதாகச் சாப்பிடச் சொன்னார். கப்பலைச் சுற்றி நடக்க வைத்தார். கறி பிடிக்காமல் முகம் சுளித்தவர்கள்கூட, பிறகு மருந்து மாதிரி சாப்பிட்டுத் தேறினார்கள். அந்தக் கப்பலில் இருந்த அமுண்ட்சென்தான் 1911இல் முதன்முதலாகத் தென் துருவத்தை அடைந்தவர்.

இரண்டாவது: எட்வர்ட் பாரியின் கப்பல்கள்

இது அதற்கும் முந்தைய கதை. 1819இல் பாரி என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, ஹெக்லா, கிரைப்பர் என்ற இரண்டு கப்பல்களோடு வட கனடாவில் உள்ள மெல்வில் தீவில் பனியில் உறைந்து நின்றார். மொத்தம் 94 பேர். பத்து மாதம் அங்கேயே! குளிர் மைனஸ் 48 டிகிரி செல்சியஸ் வரை போனது.

பாரி என்ன செய்தார் தெரியுமா? சூரியன் மறையும் சமயத்திலேயே, நவம்பர் 5ஆம் தேதி, கப்பலில் நாடகம் போட ஆரம்பித்துவிட்டார். பதினைந்து நாளுக்கு ஒரு நாடகம். அவரே வேஷம் கட்டினார்! கையில் இருந்த நாடகங்கள் தீர்ந்ததும் சொந்தமாக எழுதினார்கள். வெளியே நடக்க முடியாத நாளில் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு மேல்தளத்தைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். பாரியின் அறையில் அடுப்புக் குழாய் ஓரமாகப் பெட்டிகளில் கடுகு முளைக்க வைத்தார்கள். வெளிச்சம் இல்லாமல் அது வெளிறிப் போய்த்தான் முளைத்தது. ஆனாலும் ஸ்கர்வி நோய் வந்தவருக்கு அது நல்ல மருந்தாச்சு. வைட்டமின் சி என்ற பெயரே அப்போது யாருக்கும் தெரியாது!

வாரம் ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினார்கள். ஆசிரியர் எட்வர்ட் சபைன். அதிகாரிகள் புனைபெயரில் எழுதினார்கள். எழுதாமல் டிமிக்கி கொடுத்தவர்களை அந்தப் பத்திரிகையிலேயே கிண்டல் செய்தார்கள். மொத்தம் 21 இதழ்கள். பிறகு 1821இல் லண்டனில் அதை அச்சிட்டே வெளியிட்டார்கள்.

1820 பிப்ரவரி 3ஆம் தேதி, பாய்மர உச்சியில் இருந்து சூரியனைப் பார்த்தார்கள். அந்த ஆண்டே 93 பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. காலையில் எழுந்ததும் வெளிச்சத்துக்கு வாங்க. மேகமூட்டமான நாளிலும் வெளி வெளிச்சம் வீட்டு விளக்கைவிட அதிகம்.
2. தினமும் உடம்பு அசையணும். இடமே இல்லையா? நின்ற இடத்திலேயே குதிக்கலாம்.
3. கீரை, நெல்லிக்காய், கொய்யா என்று புதிதாக ஏதாவது சாப்பிடுங்க.
4. "நாளைக்கு என்ன?" என்று கேட்டால் சொல்ல ஒரு வேலை இருக்கணும். நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலையாக இருந்தால் இன்னும் நல்லது.
5. மனச்சோர்வு இரண்டு வாரமாகியும் விடாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்க. டாக்டரைப் பார்ப்பதில் வெட்கம் இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நாலாவது பாயிண்ட்தான். பாரியின் ஆட்கள் சூரியனுக்காகக் காத்துக்கொண்டு சும்மா கிடக்கவில்லை. அடுத்த நாடகத்துக்கு வசனம் பாடம் பண்ணிக்கொண்டு இருந்தார்கள். நாட்கள் தானாக ஓடின.

அப்புறம் ஒரு விஷயம். மைனஸ் 48 டிகிரியிலேயே பத்திரிகைக்கு எழுதியிருக்காங்க. நம்ம வகுப்பில் இன்னும் எழுதாதவங்க யார் யார்னு எனக்குத் தெரியும். அடுத்த மாத இதழுக்கு ஒரு பக்கமாவது கொடுங்க. இல்லாட்டி உங்களையும் கிண்டல் பண்ணி எழுதிடுவோம்!

— 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு