பதவியும் பட்டறிவும்: சிங்கப்பூர் அதிபர் வேட்பாளர் தகுதி குறித்த விவாதம்

நாட்டின் தலைமையை ஏற்க முன்வரும் ஒருவர் அதற்குப் போதிய பட்டறிவு உடையவரா என்னும் வினா, பெரும்பாலான நாடுகளில் வாக்காளரின் தீர்ப்புக்கே விடப்பட்டுள்ளது. 2008ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில், பராக் ஒபாமா மேலவையில் நான்காண்டுகளைக்கூட நிறைவு செய்யாதவர் என்பது மேடைதோறும் பேசப்பட்டது. எனினும் அந்நாட்டின் அரசமைப்புச் சட்டம் வேட்பாளரிடம் முதன்மையாக எதிர்பார்ப்பவை 35 வயது, பிறப்புவழிக் குடியுரிமை, 14 ஆண்டு வதிவு ஆகியவையே. பட்டறிவைப் பற்றி அது ஒரு சொல்லும் கூறவில்லை. சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கு இவ்வினாவிற்கு முதல் விடையைச் சட்டமே அளித்துவிடுகிறது. வாக்காளரின் முறை அதன் பின்னரே வருகிறது. அவ்விடை எத்தன்மையது, அது பட்டறிவைத்தான் அளக்கிறதா என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு. சிங்கப்பூர்த் தமிழில் நாட்டின் தலைவரை 'அதிபர்' என்கிறோம். இலங்கையில் இச்சொல் பள்ளித் தலைமையாசிரியரைக் குறிக்கும். நாட்டுத் தலைவர் அங்கே 'ஜனாதிபதி'. ஆதலின் 'அதிபருக்குரிய தகுதிகள்' என்னும் தலைப்பை யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் வேறு பொருளில் படிக்க இடமுண்டு. 'அனுபவம்' என்பதற்கு நாம் வழங்கும் 'பட்டறிவு' என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. பட்டுப் பெற்ற அறிவே பட்டறிவு. ஒரு பதவியில் இருந்திருத்தல் வேறு. அப்பதவியில் பட்டு அறிந்திருத்தல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டில்தான் சிங்கப்பூர் விவாதத்தின் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

சட்டத்தின் தோற்றம்

1991ஆம் ஆண்டுவரை சிங்கப்பூர் அதிபரை நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது. அவர் நாட்டின் அடையாளத் தலைவராக விளங்கினார். முதல் நால்வரின் பின்புலங்கள் பலதிறத்தன. யூசோஃப் இஷாக் இதழாளர். பெஞ்சமின் ஷியர்ஸ் மகப்பேற்று மருத்துவர். தேவன் நாயர் தொழிற்சங்கத் தலைவர். வீ கிம் வீ இதழாளராக இருந்து தூதரானவர். 1991இல் மேற்கொள்ளப்பட்ட திருத்தத்தின் பின்னர் அதிபர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவரானார். முந்தைய அரசுகள் சேர்த்துவைத்த நிதியிருப்பை எடுக்க அரசு விரும்பினால் அதற்கு இசையவோ மறுக்கவோ அவருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. பொதுத்துறையின் முக்கிய நியமனங்களிலும் அத்தகைய அதிகாரம் உண்டு. இதனை 'இரண்டு சாவி' முறை என்பர்: ஒரு சாவி அரசிடம், மற்றொன்று அதிபரிடம்.

கருவூலத்தின் சாவியைக் கொடுப்பதென்றால், அதைப் பெறுபவருக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் அன்றோ? இவ்வாறே சட்டம் இயற்றியோர் வாதிட்டனர். ஆகவே அமைச்சர், தலைமை நீதிபதி, நாடாளுமன்ற நாயகர், சட்டத்துறைத் தலைவர், பொதுச் சேவை ஆணையத் தலைவர், தலைமைக் கணக்காய்வாளர், தலைமைக் கணக்காளர், நிரந்தரச் செயலாளர் போன்ற பதவிகளுள் ஒன்றில் மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றியிருக்க வேண்டும், அல்லது செலுத்தப்பட்ட மூலதனம் 100 மில்லியன் வெள்ளிக்குக் குறையாத நிறுவனத்தை வழிநடத்தியிருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. இவற்றுள் அடங்காதவரும், அவற்றுக்கு ஒப்பான பொறுப்பினை வகித்தவர் என்று அதிபர் தேர்தல் குழு கருதினால் தகுதி பெறலாம். இவ்விலக்கு வழியை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

முதல் அதிபரான யூசோஃப் இஷாக்கை இவ்விதிகளில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. 1959ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் பொதுச் சேவை ஆணையத்தின் தலைவரானார். அது சட்டம் குறிப்பிடும் பதவிகளுள் ஒன்றே. ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் நாட்டின் தலைமைப் பொறுப்பை ஏற்றுவிட்டார். மூன்றாண்டு விதி அன்று இருந்திருப்பின் அப்பதவியைக் காட்டி அவர் தானாகத் தகுதி பெற்றிருக்க இயலாது.

முதல் இரு அதிபர்கள்

1993 ஆகஸ்டு 28இல் நடைபெற்ற முதல் தேர்தலில் இருவர் போட்டியிட்டனர். ஓங் டெங் சியோங் துணைப் பிரதமராகவும் தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுச் செயலாளராகவும் இருந்தவர். கல்வியால் கட்டடக் கலைஞர். சுவா கிம் இயோவ் முன்னாள் தலைமைக் கணக்காளர். கணக்கறிவே அளவுகோல் என்றால் சுவாவுக்கே தகுதி மிகுதி. அவர் தயக்கத்துடன் போட்டியிட்டவர். பரப்புரையிலும் பெரிதாக ஈடுபடவில்லை. ஆயினும் 41.3 விழுக்காட்டு வாக்குகள் அவருக்குக் கிடைத்தன. யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் பாட்டாளிக் கட்சித் தலைவருமான ஜே. பி. ஜெயரத்தினம் அத்தேர்தலில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார். அவருக்கு அது மறுக்கப்பட்டது. 1981இல் ஆன்சன் தொகுதி மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றவருக்கு, 1993இல் மக்களிடம் வாக்குக் கேட்கும் நிலையே ஏற்படவில்லை.

அதிபரான ஓங், தாம் காக்க வேண்டிய நிதியிருப்பின் விவரத்தைக் கேட்டார். அரசின் அசையாச் சொத்துகளை மதிப்பிட்டுப் பட்டியலிட 56 ஆள்-ஆண்டுகள் வேண்டும் எனத் தமக்கு விடை கிடைத்ததாக, 1999 ஜூலையில் செய்தியாளர்களிடம் அவர் தெரிவித்தார். துணைப் பிரதமராக இருந்தவருக்கே இந்நிலை. பட்டறிவு எவ்வளவு இருப்பினும் தகவல் கைக்கு வராவிடில் அது செயற்படாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. வேட்பாளரின் தகுதியை எண்ணிட்டு வரையறுத்த சட்டம், பதவியேற்றவருக்கு உரிய தகவல் கிடைப்பதில் அத்துணைக் கருத்துச் செலுத்தவில்லை என்பது எம் கருத்து.

அடுத்து வந்த எஸ். ஆர். நாதன் 1999இலும் 2005இலும் போட்டியின்றித் தேர்வு பெற்றார். 2005இல் வேறு மூவர் விண்ணப்பித்திருந்தும் எவருக்கும் சான்றிதழ் கிடைக்கவில்லை. நாதனின் வாழ்க்கை பட்டறிவு என்னும் சொல்லுக்கு நேரிய எடுத்துக்காட்டாகும். 1924இல் சிங்கப்பூரில் பிறந்து மூவாரில் இளமையைக் கழித்தவர். மருத்துவச் சமூகப் பணியாளர், தொழிலாளர் ஆய்வுப் பிரிவின் அலுவலர், தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவு இயக்குநர் எனப் பல படிகளைக் கடந்தவர். 1974இல் லாஜு படகு கடத்தப்பட்டபோது, பணயக் கைதிகளை மீட்கும் பொருட்டுக் கடத்தற்காரர்களுடன் குவைத்துக்கு வானூர்தியில் சென்ற அலுவலர் குழுவிற்குத் தலைமை தாங்கினார். ஆனால் சட்டத்தின் பட்டியலில் இடம்பெறுவது, 1979 முதல் 1982 வரை வெளியுறவு அமைச்சில் அவர் வகித்த நிரந்தரச் செயலாளர் பதவியே. குவைத்துக்குச் சென்ற அந்தப் பயணத்தை வைக்க அப்பட்டியலில் இடமில்லை. அவர் எத்தகையவர் என்று வினவும் ஒருவருக்கு நாம் முதலில் சொல்லக்கூடியது எதுவோ, அது சட்டத்தின் கண்ணில் படுவதில்லை.

உத்திரமேரூர் தரும் ஒளி

தகுதி வரையறை தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) நம் மாணவர் 'குடவோலை முறை' என்னும் தலைப்பில் படிக்கின்றனர். சிறுவன் குடத்திலிருந்து ஓலை எடுக்கும் காட்சியை எழுதி, பண்டைத் தமிழரின் மக்களாட்சி எனப் பெருமிதத்துடன் முடித்துவிடுகின்றனர். அது பிராமணர் ஊரான பிரமதேயத்தின் சபை என்பதும், ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு முன்பே பெரும்பாலோர் விலக்கப்பட்டனர் என்பதும் விடைத்தாள்களில் இடம்பெறுவதில்லை.

அக்கல்வெட்டின் விதிகளை நுணுகி நோக்குவோம். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், தன் மனையில் கட்டிய வீடு வேண்டும், மறையறிவு வேண்டும். 919இல் 30 முதல் 60 வரை என இருந்த வயது வரம்பு, 921இல் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. காரியத்தில் தேர்ந்தவராகவும் ஒழுக்கமுடையவராகவும் இருக்க வேண்டும் என்பதும் விதியாகும். அரைக்கால் வேலி நிலமே உடையவராயினும், ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்று விளக்க வல்லவராயின் அவர் பெயரையும் எழுதலாம். நிலத்தின் குறையைக் கல்வி ஈடு செய்கிறது. நாம் முன்னர்ச் சுட்டிய சிங்கப்பூரின் இலக்கு வழியோடு இதனை ஒப்பிடலாம். ஒரே அளவுகோல் எல்லாரையும் அளக்காது என்பதை இரு சட்டங்களும் உணர்ந்துள்ளன.

ஆனால் இரண்டு விதிகள் முற்றிலும் வேறானவை. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்படுவர். மூன்றாண்டு பதவி வகித்தது சிங்கப்பூரில் தகுதி. மூன்றாண்டுக்குள் பதவி வகித்தது உத்திரமேரூரில் தடை. ஒன்று நாட்டின் கருவூலத்துக்கும் மற்றொன்று ஓர் ஊரின் ஏரிக்கும் தோட்டத்துக்கும் உரியவை என்பதால் இவற்றை நேருக்கு நேர் நிறுத்துதல் கூடாது. எனினும் சபையார் வினவியது 'என்ன பதவியில் இருந்தாய்' என்பதை அன்று; 'இருந்தபோது கணக்குக் கொடுத்தாயா' என்பதை. திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' அதிகாரமும் அரசப் பணிக்கு உரியவரை அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கால் ஆராயச் சொல்கிறது. முன் வகித்த பதவி அந்நான்கனுள் ஒன்றன்று.

2016ஆம் ஆண்டுத் திருத்தம்

2011இல் 'டான்' என்னும் குடும்பப் பெயருடைய நால்வர் போட்டியிட்டனர். டோனி டான் 35.2 விழுக்காடும் டான் செங் போக் 34.85 விழுக்காடும் பெற்றனர். இருவருக்கும் இடையே 7,382 வாக்குகளே வேறுபாடு. 2016இல் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான அரசமைப்பு ஆணையம் தகுதிகளை மறுபரிசீலனை செய்தது. 1991க்குப் பின் பொருளியல் பன்மடங்கு வளர்ந்து, 100 மில்லியன் வெள்ளி மூலதனமுடைய நிறுவனங்களும் பெருகிவிட்டன என்பது அதன் வாதம். அவ்வாண்டு திருத்தப்பட்ட சட்டத்தின்படி, தனியார் துறையினர் 500 மில்லியன் வெள்ளி பங்குதாரர் மூலதனமுடைய நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். அப்பணி கடந்த 20 ஆண்டுகளுக்குள் அமைய வேண்டும். மூன்றாண்டுக் காலத்தை ஆறாக உயர்த்துமாறு ஆணையம் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை.

இத்திருத்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு நுட்பம் உண்டு. அந்நிறுவனம் வேட்பாளரின் பணிக்காலத்தில் வரிக்குப் பின் இலாபம் ஈட்டியிருக்க வேண்டும். அவர் விலகிய மூன்றாண்டுகளுக்குள் நொடித்துப் போயிருக்கக் கூடாது. இது கணக்குக் கேட்கும் விதி. உத்திரமேரூர் சபையார்க்கு உடன்பாடான விதி. ஆயின், அமைச்சராகவோ நிரந்தரச் செயலாளராகவோ இருந்தவரிடம் 'உம் துறை எவ்வாறு நடந்தது' என இதையொத்த வினா எழுப்பப்படுவதில்லை. நேர்மை, நற்பண்பு, நன்மதிப்பு என்னும் பொது விதி எல்லாருக்கும் உண்டு. அதற்குமேல், பதவியில் இருந்ததே போதுமானதாகிறது. பட்டறிவை அளக்கும் கோல் தனியார் துறைக்கு ஒன்றாகவும் பொதுத்துறைக்கு வேறாகவும் இருப்பதற்குத் தக்க காரணம் நமக்குத் தோன்றவில்லை.

2017இல் மலாய்ச் சமூகத்தினருக்கென ஒதுக்கப்பட்ட தேர்தலில், நிறுவனத் தலைவர்களான முகமது சாலே மரிக்கானும் ஃபரீத் கானும் 500 மில்லியன் வெள்ளி வரம்பை எட்டவில்லை. சாலே மரிக்கானின் நிறுவனம் ஏறக்குறையப் பாதியளவே மூலதனம் உடையது. நாடாளுமன்ற நாயகராக இருந்த ஹலிமா யாக்கோப் போட்டியின்றி அதிபரானார். 2023இல் ஜார்ஜ் கோ தம் ஐந்து நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடுமாறு வேண்டினார், குழு இசையவில்லை. அதே தேர்தலில் இங் கொக் சொங்கும் டான் கின் லியானும் இலக்கு வழியில் சான்றிதழ் பெற்றனர்.

2023 செப்டம்பர் 1ஆம் நாள் நடந்த அத்தேர்தலில் தர்மன் சண்முகரத்தினம் 70.4 விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றார். நிதியமைச்சர், துணைப் பிரதமர், மூத்த அமைச்சர் என அவருடைய பட்டறிவைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. ஐயம் எழுந்தது வேறு இடத்தில். இத்துணைக் காலம் அரசுக்குள் இருந்தவர் அதே அரசுக்கு 'இல்லை' என்று சொல்வாரா என வினவப்பட்டது. எக்கட்சியிலும் இருந்ததில்லை என்பதை இங் கொக் சொங் தம் தகுதியாக முன்வைத்தார். தற்சார்பு என்பது மனத்தின் இயல்பு என்பது தர்மனின் நிலைப்பாடு. தகுதிக்காக எந்தப் பட்டறிவைச் சட்டம் வேண்டுகிறதோ அதுவே ஐயத்துக்கும் காரணமாகிறது. இச்சிக்கலை எந்த மூலதன வரம்பும் தீர்க்காது.

இங்கே 2009ஆம் ஆண்டை நினைவுகூரலாம். உலகப் பொருளியல் நெருக்கடியின்போது, சேர்த்துவைத்த நிதியிருப்பிலிருந்து 4.9 பில்லியன் வெள்ளியை எடுக்க முதன்முறையாக அரசு இசைவு கேட்டது. இசைவளித்த அதிபர், குவைத்துக்குச் சென்று வந்த நாதன். அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வைத்த நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்தினம். அன்று முதல் சாவியின் பக்கம் நின்றவரிடம் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் இரண்டாம் சாவி வந்து சேர்ந்துள்ளது.