ஷிப்டு அறியாத சிகிச்சை நேரம்

மனநோய்க்கு வைத்தியம் செய்துகொள்வது குடும்பத்துக்கே நேர்ந்த களங்கமென்று கருதி, கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர் என்ற பேச்சுப் பரவினால் பெண் கொடுக்க ஒருவரும் முன்வரமாட்டாரென்று அஞ்சி, நோயாளியைக் கோயில் வாசலிலும் தர்கா வாசலிலும் விட்டுவந்த நம் சமூகம், 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட பின்னரே சற்று விழித்துக்கொண்டது. அதற்கு முன்பே திருச்சியில் தொடங்கியிருந்த மாவட்ட மனநலத் திட்டம் பிற்பாடு மாவட்டந்தோறும் பரவிற்று. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநல சிகிச்சையைப் பிரஜைகளின் உரிமையாக்கிற்று. 2022 அக்டோபரில் மனநல ஆலோசனைக்கென 14416 என்ற தொலைபேசி எண்ணும் வந்துசேர்ந்தது.

தூரம் குறைந்தது, சந்தேகமில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பிரதேசத்தில் நின்று பார்ப்பவருக்கு, நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே இப்போது குறுக்கிடுவது தூரமன்று, கடிகாரம் என்பது விளங்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக் கொடுப்பது காலையில். மனநல மருத்துவர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருவதோ குறிப்பிட்ட நாட்களில் மட்டும். அந்த வேளையில் முதல் ஷிப்டுக்காரர் ஆலையின் உற்பத்தி லைனில் நிற்கிறார். நைட் ஷிப்டு முடித்தவரோ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கண்ணெரிச்சலோடு பாயைத் தேடுகிறார். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போவதோடு, வருகைக்கென்று தரும் ஊக்கத்தொகையும் போய்விடும். மனச்சோர்வுக்குரிய மாத்திரை பலன் தரவே சில வாரங்கள் ஆகுமாதலால், ஒருநாள் லீவோடு காரியம் முடிவதுமில்லை. மறுபடியும் வரவேண்டும், மாதக்கணக்கில் வரவேண்டும். பாதியில் நின்றுவிடுகிறவரை அலட்சியக்காரர் என்று ஏசுவது எவ்வளவு பெரிய அநீதி! உறக்கத்தைக் குலைக்கும் சுழற்சி ஷிப்டே நோயை வளர்க்கும் காரணங்களுள் ஒன்றாயிருக்க, அதே ஷிப்டு மருந்தையும் தடுக்கிறது.

2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 சதவீதத்தினர் சிகிச்சை பெறாதிருப்பதாகக் கண்டது. அறியாமையே இதற்குக் காரணமென்று பிரசாரத்தை வற்புறுத்துவோர் உண்டு. அதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். தொலைபேசி இரவும் பகலும் இயங்குகிறதே என்பாரும் உண்டு. இயங்குகிறது, அது மிகவும் நல்லதே. ஆயினும் பலர் சேர்ந்து படுக்கும் விடுதி அறையில் வாய்விட்டு அழுது பேச ஏது தனிமை?

2021 டிசம்பரில், விடுதி உணவால் நோயுற்ற தோழியர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி கேட்டு, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் விடிய விடிய மறியல் செய்த தொழிற்சாலை இளம்பெண்களை நினைத்துப் பாருங்கள். வதந்தி பொய்யாயிற்று, ஆனால் அதை உடனே நம்பிவிடத்தக்க பீதி அந்தப் பெண்களின் உள்ளத்தில் எத்தனை நாளாகச் சேர்ந்திருந்ததென்று யார் விசாரித்தோம்?

வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அத்தகைய குடியிருப்புகளிலும், ஒரகடம் சுற்றுவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், ஷிப்டு முடிந்து வருவோர்க்கு மாலையிலும் வார விடுமுறை நாளிலும் மனநல ஓ.பி. நடத்த அரசு உடனே ஏற்பாடு செய்யவேண்டும். அங்கே போய்வந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிப்பதில்லையென்று ஆலை முதலாளிகளும் உறுதி கூறவேண்டும்.