தோற்றவர் யார்? லிந்துலையில் ஒரு கிரிக்கட் சர்ச்சை

வெற்றிக்கு விளக்கவுரை வேண்டுவதில்லை. தோல்விக்கோ ஊரெங்கும் உரையாசிரியர்கள் தோன்றிவிடுகின்றனர். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் லிந்துலைக் கடைத்தெருவில் இதனை நாம் கண்ணாரக் கண்டோம். அம்மாதம் 28ஆம் திகதி தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் இலங்கை அணி 42 ஓட்டங்களுக்குள் சுருண்டது. ஆடிய பந்துகள் 83. ஐவர் ஓட்டமேதும் பெறாமலே திரும்பினர். மார்கோ யான்சன் என்னும் நெட்டைப் பந்துவீச்சாளர் 13 ஓட்டங்களை மாத்திரம் கொடுத்து 7 விக்கட்டுகளைச் சாய்த்தார். 1994இல் கண்டியில் பாகிஸ்தானுக்கெதிராகப் பெற்ற 71 ஓட்டங்களே அதுவரை எமது டெஸ்ட் வரலாற்றில் மிகக் குறைந்த தொகையாக இருந்தது. 1924இல் பேர்மிங்ஹாமில் தென்னாபிரிக்கர் 75 பந்துகளில் ஆட்டமிழந்ததைத் தவிர்த்தால், இத்துணை விரைவாக முடிந்த டெஸ்ட் இன்னிங்ஸ் வேறொன்றில்லை.

தேநீர்க்கடைக்கும் சலூனுக்கும் இடைப்பட்ட பத்து யார் நீளமான தாழ்வாரமே லிந்துலையில் இத்தகைய விஷயங்கள் ஆராயப்படும் சபை. ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர், ஆட்டோ ஓட்டும் இருவர், கொழும்புப் புடைவைக்கடையில் வேலை செய்து விடுமுறையில் வந்திருந்த ஓர் இளைஞர், கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே வாதிடும் சலூன்காரர் ஆகியோர் சபையின் நிலையான அங்கத்தவர்கள். நாம் பார்வையாளர் மாத்திரமே. மலையிலிருந்து இறங்கிச் சாமான் வாங்கவந்த பெண்மணி ஒருவர் சற்று நின்று கேட்டுவிட்டு, எம்மைப் பார்த்து, "ஏங்க சேர், இருபது கிலோ எடுக்காட்டி எங்களுக்கு அரைப் பேர் போடுறாங்க. நாப்பத்திரெண்டு எடுத்தவங்களுக்கு என்னா பேரு போடுவாங்க?" என்று வினவினார். அரைப் பேர் என்பது அரைநாட் சம்பளம். தோட்டம் அறியாத வாசகர்களுக்காக இதனைச் சொல்லிவைக்கிறோம். அன்றைய விமரிசனங்களுள் இதற்கு இணையானதொன்றை எந்தப் பத்திரிகையிலும் நாம் வாசிக்கவில்லை.

சபையில் முதலில் எழுந்த வாதம் ஆடுகளத்தைப் பற்றியது. "நம்மவர்கள் வெளிநாடு போனாலே இப்படித்தான்" என்றார் கணக்கப்பிள்ளை. அவர் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. காலியிலும் கொழும்பிலும் ஆடுகளம் உலர்ந்து, மந்தமாக, சுழற்பந்துக்கு இசைவாக அமைவது. பந்து இடுப்புக்கு மேல் எழுவது அருமை. முன்காலை நீட்டிப் பந்தைச் சந்திப்பதே அங்கு வளரும் பிள்ளை கற்கும் முதற் பாடம். டேர்பனிலோ ஆறடிக்கு மிக உயர்ந்த ஒருவர் வீசும் பந்து, அதே இடத்தில் விழுந்து நெஞ்சுக்கு எழுகின்றது. காற்றிலும் நிலத்திலும் சற்றே விலகுகின்றது. இங்கே தடுக்கவேண்டிய பந்து அங்கே தொடாமல் விடவேண்டிய பந்தாகிவிடுகின்றது. பழக்கத்தால் முன்னே சென்ற துடுப்பின் விளிம்பில் பட்டுப் பின்னே நிற்பவர் கையிற் போய் விழுகின்றது. பந்தை ஆடுவதிலும் அதனை ஆடாமல் விடுவதே கடினமான கலை.

ஆயினும் ஆடுகளத்தின்மீதே முழுப் பழியையும் சுமத்திவிட முடியுமா? அதே போட்டியின் இரண்டாவது இன்னிங்ஸில், அதே பந்துவீச்சாளருக்கெதிராக, அதே பதினொருவர் 282 ஓட்டங்கள் எடுத்தனர். சந்திமால் 83 ஓட்டங்கள் பெற்றார். 516 என்ற இலக்கு எட்டாக்கனியாக இருந்தமையால் 233 ஓட்டங்களால் தோற்றோமேயன்றி, ஆடத் தெரியாமல் அன்று. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இன்னும் வலிய சான்றொன்றைக் கொணர்ந்தார். அவர் "குசல்" என்ற ஒரு பெயரைத்தான் சொன்னார். சபை ஒரு கணம் அமைதியாயிற்று.

2019 பெப்ரவரி 16. அதே டேர்பன், அதே கிங்ஸ்மீட் மைதானம். சில நாட்களுக்கு முன்னர்தான் அவுஸ்திரேலியாவில் இரு டெஸ்ட் போட்டிகளிலும் படுதோல்வி கண்டு வந்திருந்தது இலங்கை அணி. தலைவர் திமுத் கருணாரத்னவோ அப்பதவிக்குப் புதியவர். வெல்ல வேண்டிய ஓட்டங்கள் 304. ஒன்பதாவது விக்கட் வீழ்ந்தபோது இருந்தவை 226. எஞ்சி நின்றவர் குசல் பெரேரா. மறுமுனையில் கடைசியாக வந்த விஷ்வ பெர்னாண்டோ. அந்த இருவரும் பிரியாமல் நின்று 78 ஓட்டங்களைச் சேர்த்தனர். அதில் விஷ்வவின் பங்கு 6. ஆனால் அந்த ஆறு ஓட்டங்களை எடுக்க அவர் 27 பந்துகளைத் தாங்கினார் என்பதை மறந்துவிடலாகாது. குசல் 153 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். ஒரு விக்கட்டால் வெற்றி! அடுத்த போட்டியையும் வென்று, தென்னாபிரிக்க மண்ணில் டெஸ்ட் தொடரைக் கைப்பற்றிய முதலாவது ஆசிய அணி என்ற பெருமையை இலங்கை பெற்றது. ஐந்தே முக்கால் ஆண்டுகளில் அதே மைதானம் இரண்டையும் கண்டுவிட்டது.

இந்த ஏற்றவிறக்கம் புதிதன்று. 1982இல் முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடிய அணி, வெளிநாட்டில் முதல் வெற்றியைச் சுவைக்க 1995 மார்ச்சில் நியூஸிலாந்தின் நேப்பியர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1998இல் லண்டன் ஓவல் மைதானத்தில் முரளிதரன் 16 விக்கட்டுகளை வீழ்த்தி இங்கிலாந்தைப் பணியவைத்தார். அதே ஓவலில் 2024 செப்டெம்பரில் பத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் பெற, மீண்டும் வெற்றி. டேர்பன் அவலம் நிகழ்ந்தது அதன்பின் மூன்று மாதங்கூட நிறைவுறாத காலத்தில். சரி, வெளிநாடுதான் குற்றவாளி எனின், 2025 பெப்ரவரியில் காலியில், நாமே சமைத்த ஆடுகளத்தில், அவுஸ்திரேலியரிடம் ஓர் இன்னிங்ஸாலும் 242 ஓட்டங்களாலும் தோற்றோமே, அதற்கு யாரைக் குற்றஞ் சாட்டுவது?

கிரிக்கட் சபையின் நிருவாகத்தைப் பற்றிய வாதத்தை இங்கு விரிக்கப்போவதில்லை. 2023 நவம்பரில் விளையாட்டுத்துறை அமைச்சர் சபையைக் கலைத்ததும், சில நாட்களில் சர்வதேசக் கிரிக்கட் பேரவை இலங்கையின் அங்கத்துவத்தை இடைநிறுத்தியதும், 2024 ஜனவரியில் அத்தடை நீங்கியதும் யாவரும் அறிந்தவை. சலூன்காரர் இதுபற்றி அரைமணி நேரம் பேசினார். நாற்காலியில் அமர்ந்திருந்தவரின் தலை ஒருபுறம் மாத்திரம் வெட்டப்பட்டிருந்தது.

எம் மனத்தில் தங்கியது வேறொன்று. அந்தச் சபையில் எவர் எவ்விதம் பேசினார் என்பதைச் செவிமடுத்தோம். கொழும்பிலிருந்து வந்த இளைஞர் "நாம தோத்துட்டோம்" என்றார். கணக்கப்பிள்ளை, "நம்மவர்கள்" என்று தொடங்கியவர், சூடேறியதும் "அவனுக தோத்துட்டானுக" என்றார். கட்டுரையாளர் தம்மை 'நாம்' என்று குறிப்பது பத்திரிகை வழக்கு, அதற்குச் செலவேதுமில்லை. மலையகத்தில் ஒருவர் இலங்கை அணியைச் சுட்டி 'நாம்' என்று சொல்வதற்கோ விலை கொடுக்க வேண்டியிருந்தது.

அவ்விலையின் கணக்கு நீண்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 150,000 பேரின் விதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. 1982 பெப்ரவரி 17இல் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி தொடங்கிய காலை, லயன் அறைகளில் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதோர் பெருந்தொகையினர் வாழ்ந்தனர். தேசிய அணி இருந்தது. அவர்களுக்குத் தேசந்தான் இருக்கவில்லை. எஞ்சியிருந்தோருக்கெல்லாம் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

கணக்கப்பிள்ளையின் தமையனார் ஒப்பந்தப்படி கப்பலேறி இந்தியா சென்றவர். அவர் பிள்ளைகள் நீலகிரியில் தேயிலைத் தோட்டத்திலேயே இருக்கின்றனர். ஆதலால் இந்தியா வென்றால் இவர் மகிழ்வார். இதில் துரோகம் எதனையும் நாம் காணவில்லை. அண்ணன் வீட்டு விளக்கைக் கண்டு மகிழ்வது தம்பிக்கு இயல்பு. ஆனால் இவர் மகனோ இலங்கைக் கட்சி. 2023 நவம்பர் 2ஆம் திகதி உலகக்கிண்ணப் போட்டியில் மும்பாயில் இந்தியா 357 ஓட்டங்கள் எடுத்து, இலங்கையை 55 ஓட்டங்களுக்குள் மடக்கிய இரவு, தந்தை தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்க மகன் உண்ணாமலே படுத்துவிட்டாராம். அதே நாளில் கொழும்பில், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதைக் குறிக்கும் விழா நடந்தது. இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதில் உரையாற்றினார். விழாவுக்குச் சூட்டப்பட்ட பெயர் 'நாம் 200'. பெயரிட்டவர்கள் கிரிக்கட்டை எண்ணியிருக்க மாட்டார்கள்.

மகனை இலங்கைக் கட்சியாக்கியவர் யார் என்று கேட்டோம். "முரளிதான் சேர்" என்றார். முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு வந்தவர். பேரர் டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கட்டுகளை வீழ்த்தினார். ஆனால் எம் தலைமுறையினரின் மனத்திற் பதிந்தது எண்ணிக்கையன்று. 1995 டிசெம்பர் 26இல் மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயர் அவர் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை தவறு கூறினார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் மற்றொரு நடுவரும் அவ்வாறே செய்தபோது, தலைவர் அர்ஜுன ரணதுங்க நடுவரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி வாதாடி, அணியினர் அனைவரையும் எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்றார். நாட்டில் போர் நடந்த காலம் அது. தமிழ்ப் பெயரைச் சொல்ல அஞ்சி வாழ்ந்த பலர் கொழும்பில் இருந்தனர். அவ்வேளையில் ஒரு முத்தையா மகனுக்காகச் சிங்களத் தலைவர் ஒருவர் உலகறியச் சண்டைக்கு நின்றதைத் தொலைக்காட்சியிற் கண்ட உயர்தர வகுப்பு மாணவர்களுள் நாமும் ஒருவர். அரசியல் பற்றிப் பின்னாளில் முரளிதரன் கூறிய சில வார்த்தைகள் தமிழர் பலரை வருத்தின. அது தனி விவகாரம். அந்த நாள் அந்த நாளே.

ஆகவே, இலங்கை அணி தோற்றதென்று லிந்துலையில் ஓர் இளைஞர் கொதித்தெழுவதைக் காணும்போது நாம் கவலைப்படுவதில்லை. தம்முடையதல்லாத ஒன்றை எவரும் இவ்வளவு உரிமையோடு ஏசுவதில்லை. இதனைக் கொழும்பு இளைஞரிடம் சொன்னபோது, அவர் எம்மைக் கைவிட்டுவிட்டார். "ஏசுறதுக்கு மட்டும் உரிமை போதுமா சேர்? ஆடுறதுக்கு?" என்றார்.

அவர் கேட்டதில் பொருள் உண்டு. முரளிதரன் பயின்றது தோட்டப் பாடசாலையிலன்று. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். கடினப்பந்து, காலுறை, கையுறை, தலைக்கவசம், பயிற்சியாளர், புல் ஆடுகளம் எல்லாம் பணம் வேண்டும் பொருள்கள். லிந்துலையிலிருந்து நானுஓயாப் பக்கம் சென்றால் ரதல்லவில் அழகிய கிரிக்கட் மைதானம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் கழகத்துக்காக அமைத்தது. அதன் புல்லைச் செதுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் மென்பந்திலேயே ஆடுகின்றனர். மலைச்சரிவில் சமதரை கிடைப்பது அரிது. கிடைத்ததும் தேயிலைக்குள்ளே போய் முடியும். இடப்புறம் அடித்தால் பந்து கானுக்குள், வலப்புறம் அடித்தால் கீழ் லயத்துக் கூரையின் மேல். அதனால் எங்கள் பிள்ளைகள் நேரே அடிப்பதில் வல்லவர்கள்! வெளிநாட்டு ஆடுகளங்களுக்கேற்ற வீரரைத் தேடுவோர், கொழும்பின் சில பெரிய கல்லூரிகளைச் சுற்றியே மீண்டும் மீண்டும் வலைவீசுவானேன் என்று கேட்க எமக்கும் தோன்றுகின்றது.

டேர்பன் தோல்விக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாடசாலைக்குக் கீழேயுள்ள வெளியில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தனர். ஒருவன் மேல் வரம்பில், நான்கடி உயரத்தில் ஏறி நின்று, நனைத்த டெனிஸ் பந்தைக் கீழே சீமெந்துத் தரையில் ஓங்கிக் குத்தினான். அவன்தான் யான்சன். பந்து சீறி எழ, பன்னிரண்டு வயதுத் துடுப்பாளன் தலையைச் சாய்த்துப் போகவிட்டான். அடுத்ததையும் விட்டான். மூன்றாவதை அடிக்கப் போய் விளிம்பில் பட்டது. "விடுறா, விடுறா!" என்று பாதையிலிருந்து கத்தியவர் எங்கள் கணக்கப்பிள்ளைதான்.