"ஒன்னுமில்ல டீச்சர்": மாதவிடாய் வலியும் நம் வகுப்பறையும்



எஸ்.பி.எம். மாதிரித் தேர்வு. தாள் கொடுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு மாணவி மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள். "ராத்திரி தூங்கலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். "ஒன்னுமில்ல டீச்சர்" என்றாள். காரணத்தைப் பிறகு அவள் தோழிதான் சொன்னாள். எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

வலி ஏன் வருகிறது?

மாதவிடாயின்போது கருப்பையின் உட்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுகச் சுருக்குகிறது. அப்போது இரத்த ஓட்டம் குறைந்து வலிக்கிறது. முதல் 2 நாள்களில் இது அதிகம். பிறகு மெல்லத் தணியும். ஆகவே இது சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை.

மருந்தின்றி என்ன செய்யலாம்?

1. சூடு: சுடுநீர்ப் பையைத் துணியில் சுற்றி, அடிவயிற்றில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். தசை தளரும். கொதிநீர் வேண்டாம், வைத்தபடி தூங்கவும் வேண்டாம்.

2. உடற்பயிற்சி: வலிக்கும் நாளில் மட்டும் செய்தால் போதாது. வாரம் 3 நாள், 45 நிமிடம் வேக நடையோ யோகாவோ தொடர்ந்து செய்தால் மாதாமாதம் வரும் வலி குறையும்.

3. மூச்சு: பயந்தால் உடம்பு இறுகும், வலி இன்னும் கூடும். தேர்வு மண்டபத்தில், 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள்.

4. நாட்குறிப்பு: தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்தது தேர்வு வாரத்தில் வருமா என்று ஓரளவு கணிக்கலாம். கடினமான பாடத்தை முன்கூட்டியே முடித்துவிடலாம்.

ஆசிரியர்கள் கவனத்திற்கு

கழிப்பறைக்குப் போகக் கேட்டால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள். விசாரிப்பதைத் தனியாக விசாரியுங்கள். ஆண் ஆசிரியரிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். மேசையில் ஓர் அட்டையைத் திருப்பி வைத்தாலே போதும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

மாதாமாதம் பள்ளிக்கு வர முடியாத வலி, போகப் போகக் கூடும் வலி, மாதவிடாய் இல்லாத நாளிலும் வரும் வலி, காய்ச்சல், மணிக்கொரு பேட் மாற்றும் அளவு இரத்தப்போக்கு: இவற்றில் எது இருந்தாலும் கிளினிக்கிற்குப் போங்கள். எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய் காரணமாக இருக்கலாம். டாக்டர் மருந்து கொடுத்தால் தயங்காமல் சாப்பிடுங்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது வீரம் அல்ல.

மாணவிகளே, அடுத்த முறை "ஒன்னுமில்ல டீச்சர்" என்று சொல்லாதீர்கள். "வலிக்குது டீச்சர்" என்றே சொல்லுங்கள். கேட்க நாங்கள் இருக்கிறோம்.